சீற் கவர் வெட்டினவள்

என் அக்காவின் புகுந்த வீட்டில் இப்போது என்னை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "சீற் கவர் வெட்டினவள்" என்கிறார்கள். கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் என்னைத் தெரியாதவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் காட்டுகிறார்களாம். நான் மறுக்கவில்லை. வெட்டினேன். அம்மாவின் தையல் கத்தரிக்கோலால், பட்டப்பகலில், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க வெட்டினேன். ஏன் வெட்டினேன் என்பதை மட்டும் அவர்கள் யாருக்கும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அதற்கு மேல் எழுத வராது. வேலணையில் முதலில் பிறருடைய காணியிலும் பிறகு எங்களுடைய சிறு துண்டிலும் புகையிலையும் வெங்காயமும் வைத்தவர். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மாவின் படிப்பு நான்காம் வகுப்போடு போனது. அக்கா கெட்டிக்காரி. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அம்மா நோயில் விழுந்தபோது இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தி வீட்டில் நிற்கவேண்டி வந்தது. மூத்தவள் நின்றாள். ஒன்பதாம் வகுப்பை அவள் முடிக்கவில்லை. என் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, மினுக்கி, இரட்டைப் பின்னல் கட்டி அனுப்பியவள் அவள்தான். இன்று நான் வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் பட்டத்தில் பாதி அவளுடையது. அவள் விஷயத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாததற்கு இதுதான் காரணம். வேறு திமிர் ஒன்றும் இல்லை. அப்படித் திமிர் இருந்தாலும் அதை நான் படித்துச் சம்பாதித்தேன்.

அக்காவை ஊர்காவற்றுறைப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். அத்தானின் ஆட்கள் ஒரு காலத்தில் தெற்கே கடை வைத்திருந்தவர்கள். இப்போது அத்தானுக்கு ஊரில் ஒரு இரும்புச் சாமான் கடை. அவருடைய தமையன் பிரான்சில் இருக்கிறார். தமையனின் உதவியில் ஒரு கார் வந்தது. யப்பானில் ஓடி முடித்த சின்ன வெள்ளைக் கார். வந்த கிழமையே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அன்று நின்று கும்பிட்டேன். அடுத்த கிழமை அத்தான் அந்தக் காரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் சீற் கவர் போட்டார். பிழை அங்கே தொடங்கியது.

தடித்த றெக்சின் கவர். மண்ணிறம், ஓரத்தில் சிவப்புத் தையல். காரோடு வந்த இருக்கையில் அழுக்குப் படக்கூடாது என்பதற்காகப் பின் இருக்கை முழுவதையும் ஒரே துண்டாக மூடித் தைத்திருந்தார்கள். சீற் பெல்ற்றைக் கொளுவுகிற பூட்டுகள் மூன்றும் கவருக்குக் கீழே போய்விட்டன. கையால் தடவினால் தோலுக்குக் கீழே கட்டி இருப்பதுபோலத் தட்டுப்படும். பட்டிகள் மேலே சும்மா தொங்கின. இழுத்தால் வரும், கொளுவ இடமில்லை.

"அத்தான், பூட்டெல்லாத்தையும் மூடித் தைச்சுப்போட்டாங்கள்" என்று முதல் நாளே சொன்னேன்.

"பின்னால ஆர் பெல்ற் போடுறது? பொலிஸ் முன்னுக்குத்தானே பாக்கும்."

அந்த வீட்டில் சீற் பெல்ற் என்பது பொலிஸுக்குக் காட்டுகிற ஒன்று. தீவுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் பண்ணைப் பாலத்தைக் கடக்கவேண்டும். இரண்டு பக்கமும் கடல், நடுவே நேரான வீதி. பாலம் முடிகிற இடத்தில் சில நாட்களில் பொலிஸ் நிற்கும். அந்த இடம் வரும்வரை அத்தான் பெல்ற் போடமாட்டார். வளைவு தெரிந்ததும் ஒரு கையால் பட்டியை இழுத்து மார்புக்குக் குறுக்கே பிடித்துக்கொள்வார். கொளுவுவதில்லை, பிடித்துக்கொள்வதோடு சரி. பக்கத்து இருக்கையில் இருக்கும் மாமியும், அதாவது அத்தானின் தாயும், அதே நேரத்தில் தன் பட்டியை இழுத்து, ஐயருக்கு முன்னால் சேலைத் தலைப்பைப் போர்த்துவதுபோல, தோளில் போட்டுக்கொள்வா. பொலிஸைக் கடந்ததும் இருவரும் ஒன்றாகக் கையை விடுவார்கள். பட்டிகள் சர் என்று உள்ளே போகும். இதை நான் பலமுறை பார்த்தேன். தாயும் மகனும் ஒரு சொல் பேசாமல், ஒரு விநாடி பிசகாமல் செய்வார்கள்.

இனி காருக்குள் அவர்கள் இருக்கிற முறையைச் சொல்கிறேன். முன் இருக்கை மாமிக்கு. அதைச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கீழே வைத்து, சப்பாணி கட்டி இருப்பா. மடியில் கைப்பை, கைப்பையின் மேல் தண்ணீர்ப் போத்தல். பின் இருக்கையின் நடுவில் அக்கா. அவள் அப்போது ஏழு மாதம். பிள்ளைத்தாய்ச்சியை நடுவில் இருத்தி ஒரு பக்கம் ஆளும் மறுபக்கம் சாமான் பையும் அணைத்தாற்போல் இருந்தால் குலுக்கம் படாது என்பது மாமியின் கணக்கு. முதுகுக்கு ஒரு தலையணை. அந்தத் தலையணையால் அக்கா இருக்கையின் முன் விளிம்பில்தான் இருப்பாள். அக்காவின் மூத்த பிள்ளை, என் பெறாமகள், ஐந்து வயது, முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நின்றபடி வருவாள். இரண்டு கையாலும் இரண்டு இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு, "வங்களாவடி! வங்களாவடி இறங்கிற ஆக்கள் இறங்குங்கோ!" என்று கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்குக் காரில் பெயர் கொண்டக்டர்.

யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். டொக்டரோடு கதைக்க, கிளினிக் கொப்பியை வாசிக்க, எந்த மருந்து எந்த நேரம் என்று எழுதிக்கொடுக்க நான் வேண்டும். "உவள் படிச்சவள், அவளைக் கூப்பிடு" என்று மாமியே சொல்வா. அதே படித்தவள் காருக்குள் ஏறிப் பெல்ற்றைப் பற்றி வாய் திறந்தால், "ஐயோ, ரீச்சர் தொடங்கிட்டா."

ஒரு கிளினிக் நாளில் டொக்டரிடம் கேட்டேன். மாமியும் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதற்காகவே அவ வரும்வரை பொறுத்திருந்து கேட்டேன். இளம் பெண் டொக்டர். தலை நிமிர்த்திச் சொன்னா: "கட்டாயம் போடோணும். ஒரு பட்டி வயித்துக்குக் கீழால, தொடையோட ஒட்டி. மற்றது மார்புக்கு நடுவால வந்து வயித்தின்ர பக்கத்தால போகோணும். வயித்துக்கு மேலால போகப்படாது. நேரா, பின்னால நல்லாச் சாய்ஞ்சு இருங்கோ. முதுகுக்குத் தலையணை வேண்டாம்."

நான் மாமியைப் பார்த்தேன். மாமி டொக்டரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

வெளியே வந்ததும் சொன்னா: "கழுத்தில தாலியில்லை. பிள்ளை பெறாதவள் பிள்ளைத்தாச்சிக்கு இருக்கப் பழக்கிறாள். வயித்தில பட்டியைக் கட்டினா கொடி சுத்திப்போடும். நான் நாலு பெத்தனான். எந்தப் பட்டி கட்டினனான்?"

"மாமி, நீங்கள் நாலும் பெறேக்க ஊரில கார் இருந்ததோ?"

"வாயைப் பார், வாயை."

அக்கா என் கையைக் கிள்ளினாள். "விடடி. நீ பேசிப்போட்டு இறங்கிப் போயிடுவாய். வீட்ட போய் நான்தான் ஏச்சுக் கேக்கோணும்."

அத்தான் கார்க் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தார். "நாளும் பொழுதும் பஸ்ஸில தொங்கிக்கொண்டு போறவ எனக்குப் பெல்ற் படிப்பிக்க வாறா. பஸ்ஸில உமக்கு எங்க பெல்ற்?"

உண்மைதான். பஸ்ஸில் எனக்குப் பெல்ற் இல்லை. சில நாட்களில் இருக்கையும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். "இருந்தாப் போடுவன் அத்தான். உங்களிட்ட இருக்கிறதை நீங்கள் தைச்சு மூடி வைச்சிருக்கிறியள்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. நான் ஏறி இடது பக்கக் கதவோரம் இருந்தேன். வழமைபோல விரலால் அந்தக் கட்டியைத் தடவிப் பார்த்தேன். பட்டியை இழுத்துவிட்டுத் திரும்ப விட்டேன். என்னுடைய பிழை என்று ஒன்று இதில் இருந்தால் அது அதுதான். அன்றைக்கே இறங்கியிருக்கவேண்டும். அக்காவையும் இறக்கியிருக்கவேண்டும். பேச்சை வாங்கிக்கொண்டு உள்ளே இருந்தேன்.

பண்ணையில் அன்று பொலிஸ் நின்றது. தாயும் மகனும் பட்டியைப் பிடித்தார்கள். கடந்ததும் விட்டார்கள். பிறகு பாலம். நேரான வீதி, எதிர்க்காற்று, அத்தானுக்குக் கடை திறக்கவேண்டிய அவசரம். வேகம் காட்டும் ஊசி நடுங்கிக்கொண்டு மேலே போனது. நான் பார்த்தேன்.

"அத்தான், கொஞ்சம் மெதுவாப் போங்கோ. திடீரெண்டு பிறேக் பிடிக்க வந்தா இவள் பிள்ளை முன்னுக்குப் பறப்பாள்."

"உமக்குப் பயமெண்டாக் கண்ணை மூடிக்கொண்டு இரும். இவ்வளவு காலம் ஓடுறன், ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்லை."

அல்லைப்பிட்டியைத் தாண்டி மண்கும்பானுக்கு வருகிற இடத்தில் கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்திருக்கும். இது தீவுப்பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று ஒரு பசு வீதியோரப் பற்றைக்குள்ளிருந்து எழுந்து, ஒரு கன்றோடு, எங்களைப் பார்க்காமல் நடுவீதிக்கு வந்தது.

அத்தான் பிறேக்கை மிதித்தார்.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் சடத்துவம் படிப்பிக்கிறேன். ஓடுகிற பொருள் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், வேறொன்று வந்து நிறுத்தும்வரை. கரும்பலகையில் ஒரு பஸ்ஸைக் கீறி, உள்ளே குச்சி மனிதர்களைக் கீறி, அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். அன்று கார் நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

பெறாமகள் நின்ற இடத்திலிருந்து கைவிட்டு முன்னால் போனாள். வாய் டாஷ்போட்டில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. மாமி சப்பாணி கட்டியபடியே வழுக்கி, இருக்கைக்கும் டாஷ்போட்டுக்கும் இடையில் போய்ச் செருகினா. நான் கையை நீட்டி அக்காவைத் தடுக்கப் பார்த்தேன். என் கை ஈர்க்குக் குச்சிபோல மடங்கியது. அக்கா என்னையும் தாண்டிப் போனாள். அவளுடைய வயிறு மாமியின் இருக்கை விளிம்பில் மோதியது. என் தலை கண்ணாடியில் பட்டது.

பசு கன்றைக் கூட்டிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டது.

பிள்ளை முதலில் அழவில்லை. வாயைத் திறந்து காட்டினாள். சொண்டு பிளந்து, முன்பல் பாதியாக நின்றது. இரத்தம் நாடியால் வழிந்து மண்ணிறக் கவரில் சொட்டியது. பிறகு அழுதாள். அவளை அழ அழ மடியில் இழுத்து எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அக்கா அழவில்லை. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தாள்.

"என்னக்கா?"

"துடிப்புத் தெரியேல்லை."

"திருப்புங்கோ அத்தான். ஆஸ்பத்திரிக்கு."

மாமி கீழேயிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டே சொன்னா: "கொஞ்சம் பொறு. வீட்ட போய்ச் சுடுதண்ணி குடிச்சாப் பிள்ளை துடிக்கும். பயத்தில ஒடுங்கியிருக்கு."

"திருப்புங்கோ!" நான் கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. அத்தான் காரைத் திருப்பினார்.

அந்தத் தூரத்தை என்னால் எழுத முடியாது. மடியில் பிள்ளையின் இரத்தம். அக்கா வழி முழுவதும் வயிற்றின் ஒரு பக்கத்தை ஒரே விரலால் தட்டிக்கொண்டு வந்தாள், உள்ளே இருப்பவரைக் கதவைத் திறக்கச் சொல்வதுபோல. ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ற்போல ஒன்றைக் கட்டி இயந்திரத்தில் போட்டார்கள். அதைக் கட்டும்போது கொடி சுத்தும் என்று மாமி சொல்லவில்லை. சிறிது நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு இதயம், அவசரம் அவசரமாக, ஓடத் தொடங்கியது. அப்போதுதான் அக்கா அழுதாள். அத்தான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பிள்ளையின் சொண்டில் மூன்று தையல்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த நாளை நான் மறக்கமாட்டேன். அதே கார். அக்கா அதே நடு இருக்கையில், முதுகில் அதே தலையணை. பிள்ளையை மட்டும் நான் விடாமல் பக்கத்தில் இருத்திப் பிடித்திருந்தேன். பண்ணை வளைவு வந்தது. அத்தானின் கை எழுந்து பட்டியை இழுத்து மார்பில் பிடித்தது. மாமியின் கை எழுந்து பட்டியைத் தோளில் போட்டது. பொலிஸைக் கடந்தோம். இரண்டு கையும் விட்டன. சர், சர்.

என் உடம்பில் அவ்வளவு கோபம் இருக்க இடமுண்டு என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"எல்லாம் அவளின்ர வாய்" என்று மாமி அதற்குள் தொடங்கியிருந்தா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னா. "பிள்ளை பறப்பாள் எண்டு வாய் வைச்சாளெல்லோ? சொல்லி வாய் மூடேல்லை, மாடு வந்திட்டுது. படிச்ச வாய், பலிச்சுப்போச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது. பிறேக் பிடித்தால் என்ன நடக்கும் என்று நான் சொன்னேன். அது நடந்தது. நடந்ததற்குக் காரணம் நான் சொன்னது! அப்படிப் பார்த்தால் நாளை மழை வரும் என்று வானொலியில் சொல்பவர்தான் ஊரை வெள்ளத்தில் அமிழ்த்துகிறார்.

"மாமி, நான் வாய் வைச்சது உண்மை. நீங்கள் பெல்ற் போட்டிருந்தா என்ர வாய்க்கு வேலையே இருந்திராது."

"பாத்தியோ மோனை, இப்பவும் கதைக்கிறாள்."

வீட்டு வாசலில் இறங்கியதும் மாமி உள்ளே போய்த் தேசிக்காய் கொண்டுவந்து காரைச் சுற்றி, சில்லில் வைத்து நசிக்கச் சொன்னா. அடுத்த நாள் காலை அத்தான் வாளியும் சவர்க்காரமும் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் தன் பிள்ளையின் இரத்தத்தை உரஞ்சிக் கழுவிக்கொண்டிருந்தார் என்று அக்கா போனில் சொன்னாள். றெக்சின் நல்ல சாமானாம், கறை பிடிக்கவில்லையாம்.

"அக்கா, அந்தக் கவரைக் கழற்றச் சொல்லு."

"நான் எப்பிடியடி சொல்லுறது? தமையன் வரேக்கக் காட்டவெண்டு வைச்சிருக்கிறார்."

சனிக்கிழமை நான் பஸ் ஏறினேன். கைப்பையில் அம்மாவின் தையல் கத்தரிக்கோல். மாமி முற்றத்தில் பனங்களியைப் பாயில் ஊற்றிப் பினாட்டு காயவைத்துக்கொண்டிருந்தா. அத்தான் கார்க் கதவுகளைத் திறந்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு முடிந்துவிட்டது. பின் இருக்கையில் முழங்காலை ஊன்றி ஏறி, விரலால் கட்டியைத் தேடி, அந்த இடத்தில் கத்தரிக்கோலைக் குத்தினேன். றெக்சின் தடிப்பு. இரண்டு கையாலும் அமத்தவேண்டியிருந்தது. முதலாவது பூட்டு வெளியே வந்தது. யப்பானில் யாரோ பாவித்த பூட்டு, சிவப்புப் பொத்தானோடு, புதிது மாதிரி.

"ஏய்! என்ன செய்யிறீர்?"

இரண்டாவதையும் வெட்டினேன். மூன்றாவதையும். அத்தான் என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்கமுடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி தலையில் கைவைத்தபடி வந்தா.

"ஐயோ, புதுக் கவர்! தோட்டக்காரற்ற பிள்ளைக்குக் காரின்ர அருமை என்னெண்டு தெரியும்?"

"ஓம் மாமி, தோட்டக்காரற்ற பிள்ளைதான்" என்றேன். "என்ர அப்பாவுக்குக் கார் இல்லை. ஆனா மாட்டுவண்டியில எங்களை ஏத்தினாலும், இருந்து பிடிச்சாச்சோ எண்டு திரும்பிப் பாத்துத்தான் மாட்டைத் தட்டுவார்."

பிள்ளையின் பல் உடைந்தபோது "பால்பல்லுத்தானே, முளைக்கும்" என்றவ மாமி. கவரில் மூன்று ஓட்டையைக் கண்டபோது விக்கி விக்கி அழுதா. நான் இதை இட்டுக்கட்டி எழுதவில்லை. அந்த முற்றத்தில் நின்ற யாரையும் கேட்கலாம்.

அத்தான் குரலை உயர்த்தவில்லை. "இனி உந்தக் காரில நீர் கால் வைக்கப்படாது" என்றார். "கிளினிக்குக்கு நாங்கள் போவம். எங்களுக்கும் வாசிக்கத் தெரியும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் குசினி வாசலில் நின்றாள். எனக்காக ஒரு சொல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. பஸ் தரிப்பு வரை நடந்து வந்தபோது அழுதேன், அதையும் ஒளிக்கவில்லை. கவர் போனதற்கு அவர்கள் அழட்டும். நான் என் அக்காவுக்காக அழுதேன். ஏழு மாத வயிற்றோடு அவள் திரும்பவும் அந்த நடு இருக்கையில் ஏறுவாள், நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். செய்ததன் பலன் அதுதான் என்று நினைத்தேன்.

மூன்று கிழமை ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. அக்கா மட்டும் இடைக்கிடை போன் எடுப்பாள். வெட்டிய இடங்களை மறைத்துப் பின் இருக்கையில் துவாய் விரித்திருக்கிறார்களாம். பெல்ற்றைப் பற்றி நான் கேட்டால், "சாப்பிட்டியோ?" என்பாள்.

எங்கள் பள்ளிக்கூடம் யாழ்ப்பாணம் போகிற பெரிய வீதியில் இருக்கிறது. காலையில் வாசலுக்கு முன்னால் உள்ள கடவையில் ஒரு ஆசிரியர் நின்று வாகனங்களை மறித்துப் பிள்ளைகளைக் கடத்திவிடவேண்டும். முறை வைத்துச் செய்கிறோம். கையில் ஒரு சிவப்பு வட்டப் பலகை. அதை உயர்த்தினால் மீன் வான் நிற்கும், பஸ் நிற்கும், மணல் ஏற்றிய ட்ரக்டர் நிற்கும். அந்தப் பலகையைப் பிடிக்க எனக்கு விருப்பம். எங்கள் வீட்டில் வேறு யாரும் அப்படி ஒரு வீதியை நிறுத்தியதில்லை.

அந்தக் கிழமை என் முறை. அக்காவின் கிளினிக் நாள் எனக்குத் தெரியும், கொப்பியில் எழுதியவள் நான்தானே. ஏழரைக்கு வெள்ளைக் கார் வளைவில் தெரிந்தது. நான் காத்து நின்று மறித்தேன் என்று பிறகு மாமி ஊரெல்லாம் சொன்னா. இல்லை. பதினைந்து பிள்ளைகள் மறுபக்கம் நின்றார்கள். ஆனால் பிள்ளைகள் நிற்காவிட்டாலும் மறித்திருப்பேன், அதுவும் உண்மை.

பலகையை உயர்த்தினேன்.

காருக்குள் அத்தானின் கை சட்டென்று எழுந்து பட்டியை இழுத்து மார்பில் பிடித்தது. பக்கத்தில் மாமியின் கை எழுந்து பட்டியைத் தோளில் போட்டது. சிவப்புப் பலகையைக் கண்ட கைகள், ஆளைப் பார்க்கவில்லை. பிறகு ஆளைப் பார்த்தார்கள். இரண்டு முகமும் போன போக்கை நான் சாகும்வரை நினைத்துச் சிரிப்பேன். கை மட்டும் பட்டியை விடவில்லை. விட்டால் என்னைக் கண்டு விட்டதாகிவிடும், பிடித்தால் என்னைக் கண்டு பிடித்ததாகிவிடும்.

பிள்ளைகள் கடந்தார்கள். நான் பலகையை இறக்காமல் காரின் பக்கம் போனேன்.

பின்னால் அக்கா. நடுவில் இல்லை. இடது கதவோரம், நான் வழமையாக இருக்கும் இடத்தில், நன்றாகப் பின்னால் சாய்ந்து இருந்தாள். ஒரு பட்டி மார்புக்கு நடுவால், ஒரு பட்டி வயிற்றுக்குக் கீழால். துவாய் மடித்து மடியில் இருந்தது. தலையணையைக் காணவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் தாழ்த்தினாள்.

நடு இடைவெளியில் பெறாமகள் நின்றாள். சொண்டில் தழும்பு.

"சித்தி! நான் கொண்டக்டர்!"

மாமி கண்ணாடியை இறக்கினா. "என்ன ரீச்சரம்மா, றோட்டையும் வாங்கிட்டியோ? விடு, நேரம் போகுது."

நான் வலது பக்கப் பின்கதவைத் திறந்தேன். காரில் கால் வைக்கவில்லை, அத்தானின் சொல்லை மீறவில்லை. வெளியே நின்றே குனிந்து பிள்ளையைத் தூக்கி இருக்கையில் இருத்தினேன்.

"இண்டைக்குக் கொண்டக்டருக்கும் சீற் இருக்கு. முதுகு பின்னால முட்டோணும். ஓம், அப்பிடி."

இடுப்புப் பட்டியைத் தொடையில் தாழ்த்தி இழுத்துக் கொளுவினேன். டக் என்றது. தோள் பட்டி அவளுடைய கழுத்தோரம் வந்தது. அந்த உயரத்துக்குச் சிறுபிள்ளைகளுக்கென்று தனி இருக்கை வேண்டும். கொழும்புக் கடையொன்றில் நானே சொல்லிவைத்திருந்தேன், அது இன்னும் வரவில்லை. பட்டியைத் தோளில் படும்படி சரிசெய்து, அவளை நடுப்பக்கமாகச் சற்று நகர்த்தினேன்.

"மச்சாள், பின்னால பஸ் நிக்குது" என்றார் அத்தான். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

"நிக்கட்டும்."

பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். "ரீச்சர், கெதியா! கந்தோருக்குப் போற சனம் என்னைத் தின்னப்போகுது!" மதில் ஓரம் நின்ற பத்தாம் ஆண்டுப் பெடியங்கள் சிரித்தார்கள். அத்தான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை இன்னும் பட்டியைப் பிடித்தபடி இருந்தது.

"அத்தான், பிடிச்சுக்கொண்டு ஓட ஏலாது. கொளுவுங்கோ."

வாசலிலும் மதிலோரமும் நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொளுவினார். மாமி கொளுவவில்லை. பட்டியை உள்ளே விட்டுவிட்டு, "என்னைப் பொலிஸ் பிடிக்கட்டும்" என்று கண்ணாடியை ஏற்றினா. அவ பெரிய மனுசி, அவவின் பாடு.

பலகையை இறக்கினேன். கார் போனது. வழமையாக அதன் பின்கண்ணாடியில் நடுவே ஒரு சின்னத் தலை நின்று ஆடும். அன்று நடுவில் வெறும் வெளிச்சம் தெரிந்தது.

அன்று முழுவதும் எனக்கு வகுப்பில் மனம் நிற்கவில்லை. அடுத்த வளைவிலேயே மாமி கழற்றச் சொல்வா. கொடி சுத்தும் என்பா. அழுவா. அக்கா கேட்பாள். எத்தனை வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்படி நினைத்து நினைத்துக் கோபம் தலைக்கு ஏறியது. மத்தியானம் போன் வந்தது.

"துடிப்பு நல்லாயிருக்காம்" என்றாள் அக்கா.

"பெல்ற்?"

"மாமி அல்லைப்பிட்டியில கழட்டச் சொன்னவ."

"பிறகு?"

அவளுக்குப் பின்னால் பிள்ளை யாரையோ இறங்கச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"எனக்குக் கழட்டத் தெரியாது, தங்கச்சி வந்துதான் கழட்டோணும் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். "எனக்கும் கொண்டக்டருக்கும், ரெண்டு பேருக்கும்."